கப்பலை மீம் போட்டு மூழ்கடிக்க முடியாது, தோழர்களே!

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க. படிச்சு முடிச்சதும் திட்டணும்னு தோணினா கமெண்ட்ல தாராளமா திட்டுங்க.

2025 நவம்பரில் சீனாவின் ஹைனான் தீவில் இருக்கும் சான்யா கடற்படைத் தளத்துக்கு அதிபர் ஷி ஜின்பிங் நேரில் வந்தார். ஃபூஜியன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் கடற்படையில் சேர்க்கப்பட்டது. எடை சுமார் 80,000 டன். போர் விமானத்தை மின்காந்த விசையால் உந்தித் தள்ளி வானில் ஏற்றும் வசதி அதில் இருக்கு. அன்றைய தேதியில் அந்த வசதியோடு சேவையில் இருந்த இன்னொரு கப்பல் உலகத்திலேயே ஒண்ணே ஒண்ணுதான்: அமெரிக்காவின் ஜெரால்டு ஃபோர்டு.

அப்போ நம்ம டைம்லைன் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?

ஒரு கோஷ்டி, "சைனா பீஸ்தானே, மூணு மாசம் கேரண்டி"ன்னு மீம் போட்டுச்சு. இன்னொரு கோஷ்டி, "முடிஞ்சுது, இந்தியப் பெருங்கடல் கைவிட்டுப் போச்சு"ன்னு ஒப்பாரி வெச்சுது. மூணாவது கோஷ்டி, புலிக்கொடி பறக்குற சோழர் கப்பலை ஏஐ-ல வரைஞ்சு, "கடாரம் கொண்ட பரம்பரைடா நாங்க"ன்னு மீசையை முறுக்குச்சு.

மூணு கோஷ்டியிலும் நம்ம ஆதரவாளர்கள் இருக்காங்க. அதனால இந்தப் பதிவு எதிர்க்கட்சிக்காரங்களுக்கு இல்ல. நமக்கு.

சொல்ல வர்ற விஷயம் ஒண்ணே ஒண்ணு. சீனக் கடற்படை வளர்ந்த இடம் கப்பல் கட்டும் தளம். அதுக்கு நாம பதில் சொல்ல வேண்டிய இடமும் கப்பல் கட்டும் தளம்தான். மீமுக்கும் ஒப்பாரிக்கும் மீசைக்கும் அங்கே வேலையே இல்ல.

⚓ 1) நாம முன்னாடி இருந்தோம்!

முதல்ல கசப்பான ஒரு கணக்கு.

இந்தியா தன் முதல் விமானந்தாங்கிக் கப்பலைச் சேவையில் சேர்த்தது 1961-ல். பேரு விக்ராந்த். 1971 போரில் அதிலிருந்து கிளம்பிய விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின.

அப்போ சீனாவிடம் எத்தனை விமானந்தாங்கி இருந்தது? பூஜ்யம். 1980-ல் சீனத் தளபதி லியூ ஹுவாசிங் அமெரிக்கா போய் கிட்டி ஹாக் என்ற விமானந்தாங்கியைச் சுற்றிப் பார்த்தார். அதாவது, நாம 19 வருஷமா ஓட்டிக்கிட்டிருந்த ஒரு விஷயத்தை அவங்க அப்போதான் பக்கத்துல நின்னு பார்க்கிறாங்க. அதே லியூதான் 1982 முதல் 1988 வரை சீனக் கடற்படைத் தளபதியா இருந்தவர். கரையோரக் காவல் படையா இருந்ததை ஆழ்கடல் படையா மாத்தணும்னு திட்டம் போட்டவர்.

அடுத்து 1996 மார்ச். தைவானில் மக்கள் நேரடியா ஓட்டு போடும் முதல் அதிபர் தேர்தல். சீனா மிரட்டலுக்காக தைவான் பக்கத்துக் கடலில் ஏவுகணைகளைச் சுட்டது. அமெரிக்கா இண்டிபெண்டன்ஸ், நிமிட்ஸ் என்ற இரண்டு விமானந்தாங்கிப் படைப்பிரிவுகளை அங்கே அனுப்பியது. சீனாவால ஒண்ணும் செய்ய முடியலை. மிரட்டலை மீறித் தேர்தல் நடந்தது.

அந்த அவமானத்துக்குப் பிறகு பெய்ஜிங் என்ன செஞ்சுதுங்கிறதுதான் நாம படிக்க வேண்டிய பாடம். அமெரிக்கக் கோலாவைத் தெருவில் கொட்டிப் போராட்டம் நடத்திட்டு வீட்டுக்குப் போயிடலை. கப்பல் கட்டக் கத்துக்கிட்டாங்க.

⚓ 2) மிதக்கும் சூதாட்ட விடுதி

உக்ரைனில் மைக்கோலாயிவ்னு ஒரு துறைமுக நகரம். சோவியத் யூனியன் உடைஞ்சப்போ, வாரியாக் என்ற விமானந்தாங்கி அங்கே பாதி கட்டின நிலையில் துருப்பிடிச்சுக் கிடந்தது. 1998-ல் மக்காவ் முகவரி போட்ட ஒரு கம்பெனி அதை 2 கோடி டாலருக்கு வாங்கியது. எதுக்குன்னு கேட்டா, மிதக்கும் சூதாட்ட விடுதி கட்டப் போறோம்னு பதில்.

வாங்கின கப்பலுக்கு ஓடற நிலையில எஞ்சின் இல்ல. இழுத்துக்கிட்டுத்தான் வரணும். பாஸ்பரஸ் ஜலசந்தி வழியா விட முடியாதுன்னு துருக்கி ஒரு வருஷத்துக்கும் மேல தடுத்து வெச்சது. பேரம் பேசி 2001 நவம்பர்ல கடந்தாங்க. 2002 மார்ச்சில் சீனாவின் டாலியன் தளத்துக்கு வந்து சேர்ந்தது. பிரிச்சு, படிச்சு, திரும்பக் கட்டி, 2012 செப்டம்பரில் லியாவ்னிங் என்ற பேரில் கடற்படையில் சேர்த்தாங்க.

அடுத்த ஏழாவது வருஷம், 2019 டிசம்பரில், சொந்தமாவே கட்டின ஷான்டோங். அதுக்கு அடுத்த ஆறாவது வருஷம் ஃபூஜியன்.

வாங்கு, பிரி, கத்துக்கோ, கட்டு, அடுத்ததை இன்னும் நல்லா கட்டு. இஞ்சினியரிங் படிச்ச யாருக்கும் இது புரியும். ஆனா இதை நிறுத்தாம முப்பது வருஷம் செய்யணும். கஷ்டம் அங்கேதான்.

⚓ 3) சூட்சுமம் பட்டறையில் இருக்கு

போர்க்கப்பல் மட்டும் கட்டுற தளத்தைத் தொடர்ந்து லாபத்தில் ஓட்டுறது கஷ்டம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு ஆர்டர் வரும். நடுவுல வெல்டர் வேற வேலை தேடிப் போயிடுவார். கிரேன் சும்மா நிக்கும். அடுத்த ஆர்டர் வரும்போது எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

சீனா இதுக்குக் கண்டுபிடிச்ச வழி, உலகத்துக்கே சரக்குக் கப்பல் கட்டித் தர்றது. 1999-ல் உலகக் கப்பல் கட்டுமானத்தில் சீனாவின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே. 2023-ல் 50 சதவீதத்துக்கும் மேலே. உலகத்தில் ஓடுற கன்டெய்னர் பெட்டிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் அங்கேதான் தயாராகுது. அரசு மானியம், அரசு வங்கிக் கடன், அரசு நிறுவனங்களின் ஆர்டர் எல்லாத்தையும் ஒரே திசையில் தள்ளினாங்க.

ஷாங்காய் பக்கத்துல சாங்சிங் தீவில் ஜியாங்னான் ஷிப்யார்டு இருக்கு. 1865-ல் ஆயுதச் சாலையா ஆரம்பிச்ச நிறுவனம். ஃபூஜியன் அங்கேதான் கட்டப்பட்டது. அதே வளாகத்தில் கட்டப்பட்ட கன்டெய்னர் கப்பல்களை வாங்கினவர்களில் ஒருத்தர் யார் தெரியுமா? எவர்கிரீன் நிறுவனம். தைவான் கம்பெனி! எந்த நாட்டைப் பிடிக்கணும்னு போர்க்கப்பல் கட்டுறாங்களோ, அந்த நாட்டுக் கம்பெனியே பணம் கட்டி அந்தப் பட்டறையை ஓட்ட உதவுது.

அதே கிரேன், அதே இரும்புத் தகடு சப்ளையர், அதே வெல்டர். காலையில சரக்குக் கப்பலின் பிளாக், மதியம் போர்க்கப்பலின் பிளாக். பட்டறை ஒரு நாளும் சும்மா கிடக்காது. கூடவே, 2015-ல் ஒரு விதி கொண்டு வந்தாங்க: புதுசா கட்டுற சில வகை சிவில் கப்பல்கள் போர்க்காலத்தில் ராணுவத்துக்கும் பயன்படுற தரத்தில் இருக்கணும். இன்னைக்கு வண்டி ஏத்திப் போற ஃபெர்ரி, நாளைக்கு டாங்கி ஏத்திப் போகும்.

விளைவைப் பாருங்க. கப்பல் எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய கடற்படை சீனாவுடையதுன்னு 2020-லேயே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிக்கை சொல்லிடுச்சு. 2023 அறிக்கையில் எண்ணிக்கை 370-க்கும் மேல். 2030-க்குள் 435 ஆகும்னு கணிப்பு. அமெரிக்காவிடம் இருப்பது 300-க்கும் கீழே. மொத்த எடையில் இன்னும் அமெரிக்காதான் பெரிசு, ஒத்துக்கணும். ஆனா அமெரிக்கக் கப்பல்கள் உலகம் முழுக்கப் பிரிஞ்சு நிக்குது. சீனக் கப்பல்கள் பெரும்பாலும் சீனா பக்கத்துலயே நிக்குது.

⚓ 4) "சைனா பீஸ்"னு சொல்றவங்களுக்கு

குறையே இல்லைன்னு நானும் சொல்லலை.

சீனக் கடற்படை பெரிய போர் எதையும் பார்த்ததில்லை. கடைசியா அது சண்டைன்னு போட்டது 1988-ல் வியட்நாமோட, ஸ்பிராட்லி பாறைகள் பக்கத்துல. அதுவும் எதிரே இருந்தது பலவீனமான படை. மேலிடத்தில் ஊழல் வேற. பாதுகாப்பு அமைச்சரா இருந்த லி ஷாங்ஃபூ 2023-ல் தூக்கியடிக்கப்பட்டார். ராணுவத்தின் அரசியல் பிரிவுத் தலைவரா இருந்த அட்மிரல் மியாவ் ஹுவா 2025-ல் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். 2025 ஆகஸ்டில் ஸ்கார்பரோ திட்டு பக்கத்துல பிலிப்பைன்ஸ் படகைத் துரத்தப் போய், சீனக் கடலோரக் காவல் கப்பலும் சீனக் கடற்படைக் கப்பலும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்ட வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க.

சிரிச்சாச்சா? இப்போ இன்னொரு பக்கம்.

டைப் 055-னு ஒரு வகை டெஸ்ட்ராயர். ஒரு கப்பலில் 112 ஏவுகணைக் குழாய்கள். எடை 12,000 டன்னுக்கும் மேல். முதல் கப்பல் 2020 ஜனவரியில் சேவைக்கு வந்தது. 2023 முடியறதுக்குள்ள 8 கப்பல் வந்தாச்சு.

நம்ம கணக்கு? விசாகப்பட்டினம் வகை டெஸ்ட்ராயர்கள் நாலு. நல்ல கப்பல்கள், நாம பெருமைப்படலாம். ஒப்பந்தம் போட்டது 2011-ல். முதல் கப்பல் 2021-ல் வந்தது. நாலாவது, சூரத், 2025 ஜனவரியில். ஒவ்வொண்ணும் சுமார் 7,400 டன். நாலு கப்பலுக்கு 14 வருஷம்!

போர்னு வந்தா முதல் நாள் எத்தனை கப்பல் இருக்குங்கிறது பாதிக் கணக்குதான். மூழ்கினதுக்குப் பதிலா எத்தனை வரும், அடிபட்டது எவ்வளவு சீக்கிரம் ரிப்பேர் ஆகும்ங்கிறதுதான் மீதிக் கணக்கு. இரண்டாம் உலகப் போரில், 1942 மிட்வே சண்டையில், ஜப்பான் நாலு விமானந்தாங்கிகளை இழந்தது. அந்த இழப்பை அதால ஈடுகட்ட முடியலை. அமெரிக்கா போர் முடியறதுக்குள்ள புதுசா பத்துக்கும் மேற்பட்ட பெரிய விமானந்தாங்கிகளைச் சேவையில் இறக்கியது. 2,700-க்கும் மேல் லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளியது. ஜப்பான் மாலுமிக்கு வீரம் குறைச்சல் இல்ல. பட்டறை குறைச்சல்.

இன்னைக்கு அந்தப் பட்டறை யார் கையில் இருக்குன்னு பாருங்க.

⚓ 5) கட்டின கப்பலை வெச்சு என்ன செய்யறாங்க?

தென்சீனக் கடலில் 2013 கடைசியில் மண்ணள்ளிப் போட ஆரம்பிச்சாங்க. பாறைத் திட்டுகள் தீவாச்சு. ஃபியரி கிராஸ், சுபி, மிஸ்சீஃப் மூணுலயும் பெரிய ஓடுதளம். ராணுவமயமாக்கும் எண்ணம் இல்லைன்னு 2015-ல் வாஷிங்டனில் நின்னு ஷி ஜின்பிங் சொன்னார். இன்னைக்கு அங்கே ஏவுகணையும் ரேடாரும் இருக்கு.

2016 ஜூலையில் ஹேக் நடுவர் மன்றம் பிலிப்பைன்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. சீனா அந்தத் தீர்ப்பை ஏத்துக்கவே இல்ல. ஸ்கார்பரோ திட்டில் பரம்பரையா மீன் பிடிச்ச பிலிப்பைன்ஸ் மீனவன், கையில் தீர்ப்பை வெச்சுக்கிட்டு தண்ணீர் பீரங்கி முன்னாடி நிக்கிறான். முன்னாடி கடலோரக் காவல் படை, பக்கத்தில் மீன்பிடிப் படகு வேஷத்தில் கடல்சார் மிலிஷியா, தொடுவானத்தில் கடற்படை. ஒரு குண்டும் சுடாம கடலைப் பிடிக்கிற முறை இது. பின்னாடி பெரிய கப்பல் நிக்கிற தைரியத்துலதான் முன்னாடி சின்னக் கப்பல் ஆடுது.

⚓ 6) இது நம்ம வாசல் வரைக்கும் வந்த கதை

"அது அங்க நடக்குது, நமக்கென்ன?" இந்தக் கேள்விக்குத் தேதிகளே பதில் சொல்லும்.

2008 டிசம்பர்: கடற்கொள்ளையரை விரட்டன்னு சீனப் போர்க்கப்பல்கள் ஏடன் வளைகுடாவுக்கு வந்தன. சுழற்சி முறையில் வந்துகிட்டே இருக்கு.
2014: சீன நீர்மூழ்கி ரெண்டு தடவை கொழும்பு துறைமுகத்தில் வந்து நின்னது.
2017: ஜிபூட்டியில் சீனாவின் முதல் வெளிநாட்டு ராணுவத் தளம். அதே வருஷம் அம்பாந்தோட்டை துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகை.
2022 ஆகஸ்ட்: ஏவுகணை, செயற்கைக்கோள் பாதைகளைக் கண்காணிக்கும் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டையில்.
2023 அக்டோபர்: ஷி யான் 6 என்ற ஆராய்ச்சிக் கப்பல் கொழும்பில்.
2024: வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு இலங்கை ஒரு வருஷத் தடை போட்டது. உடனே சியாங் யாங் ஹோங் 3 மாலத்தீவுக்குப் போய் நின்னது.

இதோட பாகிஸ்தானையும் சேர்த்துக்குங்க. சீனாவிடம் 8 நீர்மூழ்கி ஆர்டர். டைப் 054ஏ வகை ஃப்ரிகேட் 4 ஏற்கனவே கைக்கு வந்தாச்சு.

இங்கே ஒரு வாட்ஸப் பொய்யையும் உடைச்சிடுவோம். அம்பாந்தோட்டை இன்னைய தேதிக்கு சீன ராணுவத் தளம் இல்ல. துறைமுகப் பாதுகாப்பு இலங்கை கையில் இருக்குன்னுதான் ஒப்பந்தம். இலங்கை திவாலானதுக்குச் சீனக் கடன் மட்டும் காரணமும் இல்ல. சர்வதேசச் சந்தையில் வித்த கடன் பத்திரங்களின் பங்கு பெரிசு. தப்பான தகவலை வெச்சு நாம கத்தினா, நம்ம சரியான கேள்வியும் சேர்ந்து அடிபடும்.

சரியான கேள்வி எது? "ஆராய்ச்சிக் கப்பல் கடலுக்கு அடியில் என்ன அளக்குது?"

கடலுக்குள் ஒலி நேர்க்கோட்டில் போகாது. தண்ணியின் வெப்பம், உப்பு, அழுத்தம் மூணும் ஆழத்துக்கு ஆழம் மாறும். அதுக்கேத்த மாதிரி ஒலி வளையும். மேல் சூடான தண்ணிக்கும் கீழ் குளிர்ந்த தண்ணிக்கும் நடுவில் இருக்கும் அடுக்குக்குக் கீழே ஒரு நீர்மூழ்கி போயிட்டா, மேலே இருக்கும் கப்பலின் சோனாருக்கு அது சிக்காமல் தப்பிக்கலாம். வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் நல்ல தண்ணியைக் கொண்டு வந்து கொட்டுது. அதனால அங்கே உப்பின் அளவு இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். இந்தக் கணக்கு தெரிஞ்சவனுக்கு அங்கே ஒளியவும் தெரியும், ஒளிஞ்சவனைத் தேடவும் தெரியும். நம்ம அரிஹந்த் வகை அணு நீர்மூழ்கிகளின் பலமே யார் கண்ணுக்கும் படாம இருக்கிறதுதான். அப்போ அந்த அளவீடு யாருக்கு எதுக்குன்னு யோசிங்க.

கடலைப் படிச்சுட்டு வர்ற பழக்கம் சீனாவுக்குப் புதுசும் இல்ல. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டு இருக்கு. 1911-ல் காலி நகரத்தில் கிடைச்சது. 1409 தேதியிட்டு, சீனத் தளபதி செங் ஹே கொண்டு வந்தது. மூணு மொழி: சீனம், பாரசீகம், தமிழ். இந்தக் கடலில் வியாபாரம் யார் கையில் இருந்தது, எந்த மொழியில் பேசினா வேலை ஆகும்னு தெரிஞ்சு வந்திருக்கான்.

ஆனா அந்தப் பெரிய கப்பற்படையை மிங் அரசு 1433-க்குப் பிறகு நிறுத்திடுச்சு. சீனா கடலில் இல்லாத சக்தியாவே பல நூற்றாண்டு கிடந்தது. அவங்களுக்கும் பழம்பெருமை உண்டு, நமக்கும் பழம்பெருமை உண்டு. ராஜேந்திர சோழன் கடாரம் போனது சுமார் 1025-ல். செங் ஹேவுக்கும் 380 வருஷம் முன்னாடி. பெருமைதான், சந்தேகமே இல்ல. ஆனா ராஜேந்திரன் கடாரத்துக்குப் போனது போஸ்டர்ல இல்ல, கப்பல்ல.

⚓ 7) நம்ம பட்டறையில் என்ன குறை?

மூளை குறையா? இல்லவே இல்ல. புது ஐஎன்எஸ் விக்ராந்துக்குத் தேவையான இரும்பு ரஷ்யாவிலிருந்து வர்றதில் சிக்கல் வந்தப்போ, நம்ம டிஆர்டிஓ ஆய்வகமும் செயில் நிறுவனமும் சேர்ந்து அந்த ரக எஃகை இங்கேயே உருவாக்கினாங்க. நம்மால முடியும்ங்கிறதுக்கு அதுவே சாட்சி.

ஆனா அந்த விக்ராந்துக்கு முதல் இரும்பு வெட்டினது 2005-ல். கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பரில். 17 வருஷம். இதில் டெல்லியில் ஆட்சியில் இருந்த எல்லாருக்கும் பங்கு உண்டு. ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

எஞ்சின் கதை இன்னும் வேதனை. வாரியாக் கிடந்த அதே மைக்கோலாயிவ் நகரத்தில் ஸோர்யா என்ற கேஸ் டர்பைன் தொழிற்சாலை இருக்கு. சீனா அங்கிருந்து டர்பைன் வாங்கி, உரிமம் வாங்கி, தன் நாட்டுக்குள்ளேயே செய்யக் கத்துக்கிச்சு. நாமும் அதே தொழிற்சாலையில்தான் வாங்கினோம். இன்னும் வாங்கிக்கிட்டே இருக்கோம். நம்ம காவேரி எஞ்சினின் கப்பல் வடிவம் எந்தப் போர்க்கப்பலிலும் ஏறலை. ரஷ்யாவில் கட்டின ஐஎன்எஸ் துஷிலுக்கும் தமாலுக்கும் டர்பைன் உக்ரைனிலிருந்து வரணும். ரஷ்யாவுக்கு நேரா விக்க உக்ரைன் தயாரா இல்ல. நாம வாங்கி, ரஷ்யாவுக்குக் கொண்டுபோய்க் குடுத்து, கப்பலைக் கட்டி வாங்கினோம். பகையாளிகள் ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் சாமான் தூக்குற நிலைமை.

சரக்குக் கப்பல் கட்டுமானத்தில் உலக அளவில் நம்ம பங்கு 1 சதவீதம்கூட இல்ல. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிகளுக்கு வருஷத்துக்கு சுமார் 6 லட்சம் கோடி ரூபாய் கொடுக்கிறோம்னு பிரதமரே 2025 செப்டம்பரில் பாவ்நகரில் சொன்னார். வியாதியை டாக்டரே சொல்லிட்டார். மருந்து எப்போன்னு நாம கேட்கணும்.

⚓ 8) ரெண்டு சாக்கு, ரெண்டு பதில்

"சீன ஆப்களைத் தடை பண்ணிட்டோமே!" சரி, 2020 ஜூனில் கல்வானுக்குப் பிறகு டிக்டாக்கோட சேர்த்து 59 ஆப் தடை. நல்லது. ஆனா 2024-25 நிதியாண்டில் சீனாவோட நம்ம வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 99 பில்லியன் டாலர். டான்ஸ் வீடியோவை நிறுத்திட்டு இயந்திரத்தையும் எலக்ட்ரானிக்ஸையும் மருந்து மூலப்பொருளையும் இறக்கிக்கிட்டே இருந்தா அவங்க கப்பல் நிக்குமா?

"அமெரிக்கா பாத்துக்கும்!" அமெரிக்காவே தடுமாறுது. கான்ஸ்டலேஷன் வகை ஃப்ரிகேட் திட்டத்தை ரெண்டு கப்பலோட நிறுத்தறதா 2025 நவம்பரில் அவங்க கடற்படையே அறிவிச்சது. கப்பல் கட்டக் கொரியாவோட கை கோத்து நிக்குது. 2022 ஆகஸ்டில் சார்லஸ் ட்ரூ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ரிப்பேருக்கு எங்க வந்தது தெரியுமா? நம்ம எண்ணூர் பக்கத்துல காட்டுப்பள்ளி ஷிப்யார்டுக்கு! அமெரிக்கக் கப்பலையே ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச கை நம்ம கை. அந்தக் கைக்கு வேலை கொடுக்காம, "அவங்க வந்து காப்பாத்துவாங்க"ன்னு உக்கார்ந்திருக்கிறதுக்குப் பேர் ராஜதந்திரம் இல்ல.

⚓ 9) அப்போ என்ன கேட்கணும்?

சீன மக்களைக் கேலி பண்றது தேசபக்தி ஆகாது. "எத்தனை கப்பல், எந்த தேதிக்குள்ள?"ன்னு ஆள்றவங்களைக் கேக்கிறதுதான் தேசபக்தி.

ஒன்றிய அரசு 2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் துறைக்கு 69,725 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கு. வரவேற்போம். ஆனா கோடிக் கணக்கு கடலில் மிதக்காது. நாம கேட்க வேண்டியது நாலு:

▪ அரசு எண்ணெய் நிறுவனங்கள் ஏத்தி இறக்குற சரக்கில் ஒரு பங்கை, இங்கே கட்டின கப்பலில்தான் ஏத்தணும்னு உறுதி கொடுங்க. ஆர்டர் இருந்தாத்தான் பட்டறை ஓடும்.
▪ போர்க்கப்பலை ஒண்ணொண்ணா ஆர்டர் போடாம, தொடர் வரிசையா போடுங்க. வெல்டருக்கு இடைவெளி விட்டா அவர் திரும்பி வரமாட்டார்.
▪ கப்பல் எஞ்சினுக்குத் தனித் திட்டம், தனிப் பணம், முடிக்கும் தேதி.
▪ சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கு, ஐஐடியில் கடல் பொறியியல் துறை இருக்கு. அங்கிருந்து வெளிய வர்றவங்களுக்கு இங்கேயே வேலை கொடுங்க.

கடைசிக் கோரிக்கை எனக்கு வெறும் பாயிண்ட் இல்ல. மெக்கானிக்கல் படிச்சுட்டு, வெல்டிங் லேபில் கத்துக்கிட்டதை ஒரு நாளும் பயன்படுத்தாம, லேப்டாப்பில் வேற யாரோட கஸ்டமருக்கோ பதில் சொல்லிக்கிட்டிருக்கிற என் வயசுப் பசங்க எத்தனை பேர் இதைப் படிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க கைக்குச் சேர வேண்டிய வேலை இது. சீனாவில் நம்ம வயசுக்காரன் ஜியாங்னானில் பிளாக் சேர்த்துக்கிட்டிருக்கான்.

தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளம் அமைக்க கொச்சி ஷிப்யார்டும் மசகான் டாக்கும் தமிழ்நாட்டோட 2025 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டிருக்கு. அது காகிதத்தில் நிக்காம இரும்பா மாறுதான்னு கண்காணிக்க வேண்டியது நாம. டெல்லியை மட்டும் இல்ல, சென்னையையும் கேட்போம். நம்ம கட்சி மேடையிலும் கேட்போம். நிலம் கொடுக்கிற மக்களுக்கும், அந்தக் கரையில் வலை போடுற மீனவர்களுக்கும் நியாயம் கிடைக்குதான்னும் சேர்த்தே கேட்போம்.

அந்தத் துறைமுகத்துக்கு யார் பேர்? வ.உ.சி. பேர். 1906-ல் அவர் வெள்ளைக்காரன் கப்பலில் ஏறாதேன்னு சொன்னதோட நிறுத்தலை. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார். வாடகைக்குக் கிடைச்ச கப்பலைப் பிடுங்கினப்போ, அலைஞ்சு பணம் திரட்டி, சொந்தமா கப்பல் வாங்கிட்டு வந்தார். வெள்ளைக்காரன் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சு, குடையை இலவசமாக் கொடுத்து ஆளைப் பிடிச்சது. 1908-ல் அவரைச் சிறையில் போட்டாங்க. கம்பெனி நொடிச்சுப் போச்சு. காசும் அரசும் பின்னாடி நிக்காத கப்பல் கம்பெனிக்கு என்ன ஆகும்னு, சீனா கத்துக்கறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே நமக்குத் தெரியும்.

அன்னைக்கு அரசு அவருக்கு எதிரா நின்னது. இன்னைக்கு அரசு நம்மோடது. சாக்கு சொல்ல இடமே இல்ல.

அடுத்த தடவை சீனா ஒரு கப்பலைக் கடலில் இறக்கும்போது, உங்க விரல் மீம் டெம்ப்ளேட்டைத் தேடும். ஒரு நிமிஷம் நிறுத்துங்க. உங்க தொகுதி எம்.பி.யின் பக்கத்துக்குப் போங்க. அவர் எந்தக் கட்சியா இருந்தாலும் சரி. ஒரே ஒரு வரி போடுங்க:

"தூத்துக்குடியில் முதல் கப்பல் எந்த தேதியில் தண்ணியில் இறங்கும்?"

பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருங்க.

பகிருங்கள் தோழர்களே.

#கப்பல்_எப்போது
#பட்டறையே_பலம்

— தகவல் தொழில்நுட்ப அணி